அம்பாசடர் எஞ்சினும் அதன் ஆயிலும்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கிராங்க்ஷாஃப்ட் அதன் பேரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. சுமை மிகுந்த இடத்தில் அதன் தடிமன் சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவே ஏறத்தாழ 70 மைக்ரான். சிலிண்டருக்குள் எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளும் விசை முழுவதையும் அந்த மெல்லிய படலம் தாங்குகிறது. படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசிச் சூடேறி, சில நிமிடங்களில் பேரிங் போய்விடும்.

இந்தப் படலம் எப்படி உண்டாகிறது என்பது 1880கள்வரை யாருக்கும் தெரியவில்லை. 1883இல் பிரிட்டிஷ் பொறியாளர் பீச்சம் டவர் ரயில் அச்சுகளுக்கான பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக ஒரு பேரிங்கின் உச்சியில் துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை பிதுங்கி வெளியே வந்தது. மரமுளை அடித்தார், அதுவும் மெல்ல நகர்ந்து வெளியேறியது. கடைசியில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியபோது, முள் அதன் உச்ச அளவான சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிவிட்டது. பேரிங் மீது ஏற்றியிருந்த சுமையோ சராசரியாக 100 பவுண்டுதான். இதற்குக் கணித விளக்கம் தந்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், ஆண்டு 1886. சுழலும் அச்சு தன்மேல் ஒட்டிய எண்ணெயை ஆப்பு வடிவில் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. குறுகலில் எண்ணெய் நெருக்குண்டு, அச்சையே தூக்கி நிறுத்தும் அழுத்தம் பிறக்கிறது.

ஆகவே அச்சைத் தாங்குவது ஆயில் பம்பு அல்ல. பம்பு எண்ணெயைக் கொண்டுவந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். தாங்குவது சுழலும் வேகமும் எண்ணெயின் பாகுநிலையும் (கெட்டித்தன்மை) சேர்ந்து. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் வேகமும் இல்லை, புது எண்ணெயும் வந்து சேர்ந்திருக்காது. எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பகுதி அப்போது நேர்கிறது. பழைய எஞ்சினுக்கு எந்த ஆயில், எப்போது, எப்படி என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த இயற்பியலிலும், அந்த எஞ்சின் கட்டப்பட்ட விதத்திலும் இருக்கிறது.

இந்தியச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய கார்களில் அம்பாசடரை எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரித்தது. 1950களின் இறுதியில் வெளிவந்த இந்தக் காரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பக்கவாட்டு வால்வு எஞ்சினோடு தொடங்கிய கார், விரைவிலேயே பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியது. பின்னால் டீசல் எஞ்சினும், 1990களில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் வந்தன. இங்கே பேசப்படுவது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின்.

இந்த எஞ்சினின் மூன்று இயல்புகள் ஆயிலைத் தீர்மானிக்கின்றன. முதலாவது, கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றே. நான்கு சிலிண்டருக்கு ஐந்து பேரிங் என்ற இன்றைய வழக்கத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றின் மேலும் விழும் சுமை அதிகம். இரண்டாவது, கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதிலாக அச்சின்மேல் திருகுமரை போல ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அச்சு சுழலும்போது அந்த மரை, கசிந்து வரும் எண்ணெயை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். எஞ்சின் நின்றதும் அதன் வேலையும் நின்றுவிடுகிறது. மெல்லிய எண்ணெயாக இருந்தால் அந்த வழியே சொட்டத் தொடங்கும். அம்பாசடர் நின்ற இடத்தில் தரையில் கறுப்புப் பொட்டு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பழுது என்று எண்ணி எஞ்சினைப் பிரித்துப் போடுவதில் பயனில்லை. மூன்றாவது இயல்பு கேம்ஷாஃப்ட்டைச் சேர்ந்தது; அது தனியாகச் சொல்லத் தக்கது.

முதலில் பாகுநிலை. ஆயில் டப்பாவின்மேல் 20டபிள்யூ-50 என்று அச்சிட்டிருப்பது எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் தர அளவு. பின்னால் வரும் 50, எஞ்சின் சூடாகி ஓடும் நிலைக்கானது: 100 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுநிலை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரைக்குள் இருக்க வேண்டும். 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை. முன்னால் உள்ள 20டபிள்யூ கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் நகரும் என்பதைச் சொல்கிறது. அதற்கான சோதனைகள் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரிகளில் நடக்கின்றன. ஊட்டியின் உறைபனிக் காலை உள்பட, தமிழ்நாட்டில் எந்த ஊரும் அந்தக் குளிரைப் பார்ப்பதில்லை. ஆகவே 0டபிள்யூ, 5டபிள்யூ என்ற எண்களுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதால் இந்தக் காருக்குப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது.

எண்ணெய் எதுவானாலும் சூடேறினால் இளகும். சூட்டில் அது அளவுக்கு மீறி இளகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக நீண்ட சங்கிலி கொண்ட பாலிமர்கள் சேர்க்கப்படுகின்றன. குளிரில் சுருண்டு கிடக்கும் இந்த மூலக்கூறுகள் சூட்டில் விரிந்து எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. 1950களில் பரவிய மல்டிகிரேடு ஆயிலின் அடிப்படை இதுவே. ஆனால் பற்சக்கரங்களுக்கு இடையிலும் பேரிங்குகளுக்குள்ளும் திரும்பத் திரும்ப நசுங்கும்போது பாலிமர் சங்கிலிகள் அறுபடுகின்றன. 50 என்று ஊற்றிய எண்ணெய் சில ஆயிரம் கிலோமீட்டரில் 40ஆக இறங்கிவிடக்கூடும். கறுத்துப்போகாத ஆயிலையும் மாற்ற வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்றைய கார்கள் பல 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலில் ஓடுகின்றன. எரிபொருள் மிச்சமாகிறது, எஞ்சினும் நன்றாகவே இருக்கிறது. அந்த எஞ்சின்களின் பேரிங் இடைவெளியும், பம்பின் திறனும், உலோகப் பரப்பின் வழவழப்பும் மெல்லிய எண்ணெய்க்கென்றே வகுக்கப்பட்டவை. அறுபதாண்டுக்கும் முந்தைய வரைபடப்படி செய்யப்பட்டு, பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த எஞ்சினில் அதே எண்ணெயை ஊற்றினால், அகன்றுபோன இடைவெளிகள் வழியே அது வழிந்தோடிவிடும். எண்ணெய் அழுத்தம் விழும். புதியது எல்லாம் மேலானது என்ற எண்ணம் இங்கே கெடுதலே செய்யும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினுக்கும் நம் ஊர் வெயிலுக்கும் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் பொருத்தமான தேர்வு.

இனி கேம்ஷாஃப்ட். அம்பாசடரில் இது எஞ்சின் பிளாக்குக்குள் இருக்கிறது. கேமின் முனை, கிண்ண வடிவ டப்பெட்டின் தட்டையான அடிப்பரப்பைத் தள்ள, டப்பெட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கர் ஆர்மைத் தூக்க, வால்வு திறக்கிறது. கேம் முனை டப்பெட்டைத் தொடுவது கோடு போன்ற குறுகிய பரப்பில்தான். வால்வு ஸ்பிரிங்கின் விசை முழுதும் அந்தக் கோட்டின்மேல் விழுகிறது. போதாததற்கு, ஒன்றின்மேல் ஒன்று உருளாமல் வழுக்கிச் செல்கிறது. ரெனால்ட்ஸ் சொன்ன ஆப்பு வடிவ இடைவெளி இங்கே சரியாக அமைவதில்லை. எண்ணெய்ப் படலம் அறுந்து அறுந்து சேரும். எஞ்சினிலேயே மசகு கிடைப்பதற்கு மிகக் கடினமான இடம் இதுதான்.

இந்த இடத்தைக் காப்பாற்றுவது எண்ணெய் அல்ல. எண்ணெயில் கரைந்துள்ள ஒரு சேர்மம். துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் கொண்ட அதை இசட்.டி.டி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1940களில் ஆயில் கெட்டுப்போகாமல் தடுக்கவும் பேரிங் அரிப்பைத் தவிர்க்கவும் சேர்க்கப்பட்டது. தேய்மானத்தையும் அது தடுக்கிறது என்பது பிறகே தெரியவந்தது. உரசும் இடத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் இச்சேர்மம் சிதைந்து, இரும்பின்மேல் ஒரு பாஸ்பேட் படிவாகப் படிகிறது. கண்ணாடியை ஒத்த கட்டமைப்புள்ள இந்தப் படிவின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே. உரசலில் தேய்வது இந்தப் படிவு. கீழே உள்ள எஃகு தப்பிக்கிறது. தேய்ந்த இடத்தில் எண்ணெயிலுள்ள சேர்மம் மீண்டும் படிகிறது. தேவைப்படும் இடத்தில் மட்டும், தேவைப்படும்போது மட்டும் தானாக உருவாகும் இப்படி ஒரு கவசம் வேதியியலின் அருமையான சாதனைகளில் ஒன்று.

இதற்கு எதிரி, காற்றுத் தூய்மைக்காக வந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர். எஞ்சினுக்குள் சிறிது சிறிதாக எரியும் ஆயிலிலிருந்து பாஸ்பரஸ் புகையோடு சென்று கன்வர்ட்டரின் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தர வரிசையில் பாஸ்பரஸ் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2004இல் வந்த எஸ்.எம். தரத்தில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற ஆயில்களுக்கு உச்சவரம்பு 0.08 சதவீதம். புதிய கார்கள் பலவற்றின் வால்வு அமைப்பில் உருளைகள் வந்துவிட்டதால் அவற்றுக்கு இது போதும். தட்டை டப்பெட் கொண்ட பழைய எஞ்சினுக்கு 0.1 சதவீதம் அல்லது சற்று மேல் இருப்பது பாதுகாப்பு. அந்த உச்சவரம்பு 20டபிள்யூ-50 போன்ற கனமான ஆயிலைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது பழைய கார் வைத்திருப்போருக்கு நற்செய்தி. ஆனாலும் எல்லாக் கனமான ஆயிலிலும் போதிய அளவு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. தயாரிப்பாளரின் தகவல் தாளில் துத்தநாகம், பாஸ்பரஸ் அளவுகளைப் பார்த்து வாங்குவதே முறை. கடையில் தனியாக விற்கும் சேர்மக் குப்பிகளை வாங்கிக் கணக்கில்லாமல் ஊற்றுவது நல்லதல்ல. பாஸ்பரஸ் மிகவும் கூடினாலும் உலோகம் அரிக்கப்படும்.

ஆயிலைக் கெடுப்பவற்றில் முதன்மையானது, பலர் நினைத்துப் பார்க்காத ஒன்று: தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதன் விளைவு அது. பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் சிறு பங்கு, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. அரை மணி நேரம் நன்றாக ஓடினால் எஞ்சின் சூட்டில் அதுவும் ஆவியாகிப் போகும். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்துப் போய் நிறுத்தும் காரில் போகாது. 1960களின் எஞ்சின்கள் பலவற்றில் சம்ப்பின் ஆவியை வெளியேற்ற ஒரு குழாய் கீழ்நோக்கி விடப்பட்டிருக்கும். கார் ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த ஆவியை உறிஞ்சும். நெரிசலில் ஊர்ந்து போகும் காரில் அந்த உறிஞ்சல் இல்லை. எரிதலில் உண்டாகும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் இந்தத் தண்ணீரில் கரைந்து அமிலமாகின்றன. ஆயிலில் காரத்தன்மை உள்ள சேர்மங்கள் இருப்பது இந்த அமிலத்தை முறிக்கத்தான். அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் அமிலம் பேரிங் உலோகத்தை அரிக்கத் தொடங்குகிறது.

அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டர் எஞ்சினைச் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து சம்ப்பில் சேர்ந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. இயந்திரப் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தாலும் இதே நிலைதான், இன்னும் வேகமாக. ஊற்றாமலே டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. முகர்ந்து பார்க்க வேண்டும். இவற்றோடு கரித்துகள், காற்றோடு வரும் தூசி, உலோகத் தேய்மானம், சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாகும் எண்ணெய் எல்லாம் சேர்ந்து கசடாகின்றன. ஆக்சிஜனேற்றத்தின் வேகம் வெப்பநிலை 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

இனி மாற்றும் முறை. ஆயிலை வடிக்கும் முன் காரைச் சற்று ஓட்டி எஞ்சினைச் சூடாக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி முழுதும் வடியும். அடியில் படிந்த அழுக்கும் கலங்கி அதோடு வரும். சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். காரைத் தூக்கியாக வேண்டுமானால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு தேவை. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போய் வடிவது சீராகும். சம்ப்பின் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது கொதிக்கும் ஆயில் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 

போல்ட்டோடு வரும் செம்பு வாஷர் சிறு பொருளானாலும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் செம்பு நசுங்கி இறுகிவிடுகிறது. இறுகிய செம்பு மீண்டும் பரப்போடு பொருந்தாது, கசியும். புது வாஷர் போடுவது நல்லது. கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட வேண்டும். எஃகு என்றால் இப்படிச் செய்தால் கெட்டியாகும், செம்போ மென்மையாகிவிடும். சூட்டில் அதன் படிக அமைப்பு புதிதாக உருவாவதே காரணம்.

வடிந்த ஆயில் எஞ்சினின் உள்நிலையைச் சொல்கிறது. பிறரிடமிருந்து வாங்கிய, முன்கதை தெரியாத காரில் இதைவிட மலிவான பரிசோதனை வேறில்லை. ஆயில் கறுத்திருப்பது கெட்ட அறிகுறி அல்ல. கரித்துகளைத் தன்னுள் மிதக்க வைக்கும் டிடர்ஜென்ட் வேலை செய்கிறது என்று பொருள். பால் விட்ட காபியைப் போல வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்பிசின் இருந்தால் அது குறுகிய ஓட்டத்தின் ஈரம். ஆயில் முழுதும் அப்படியானால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் பிடித்த தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், உலோகத்துகள் இருந்தால் மின்னும். காந்தத்தில் ஒட்டுவது கேம், டப்பெட், சிலிண்டர் பகுதியிலிருந்து வந்த இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னுவது, பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு தெரியத் தொடங்கிவிட்டதைக் காட்டும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு ஓரிரவு வைத்தால் வேறொன்று தெரியும். கறுப்பு மெல்லப் பரவி வெளிவட்டம் வரை மங்கிச் சென்றால் ஆயிலின் சுத்திகரிக்கும் திறன் இன்னும் இருக்கிறது. கறுப்பு நடுவிலேயே கெட்டியாக, கூர்மையான விளிம்போடு நின்றுவிட்டால் அது தீர்ந்துவிட்டது.

கசடு மண்டிய எஞ்சினை மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் பழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. அது ஆபத்தானது. ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு கட்டிகட்டியாகப் பெயர்ந்து, சம்ப்பின் அடியில் பம்பு உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். பிறகு எண்ணெயே ஏறாது. கழுவியதில் மீதி நிற்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும். முன்கதை தெரியாத எஞ்சினுக்கு நல்ல டிடர்ஜென்ட் உள்ள சாதாரண ஆயிலை ஊற்றி, 500 கிலோமீட்டரில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றி, மறுமுறை 1,000 கிலோமீட்டரில் மாற்றினால் கசடு மெல்லக் கரைந்து வெளியேறும். செலவு கூடும்; எஞ்சின் பிழைக்கும்.

பழைய எஞ்சின்களில் ஃபில்டர், இரும்புக் கிண்ணத்துக்குள் வைக்கும் தாள் உருளையாக இருக்கும். கிண்ணம் பொருந்தும் தலைப்பகுதியின் பள்ளத்தில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. பழைய வளையம் அழுக்கோடு இறுகிப் பள்ளத்தின் அடியில் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதன்மேலேயே புதியதை வைத்து மூடினால் அழுத்தத்தில் ஆயில் பீறிடும். கூர்மையான கம்பியால் பள்ளத்தைச் சுரண்டி, பழையதை எடுத்தபின் புதியதை எண்ணெய் தடவி அழுத்தி வைக்க வேண்டும். கிண்ணத்தின் ஸ்பிரிங்கும் வாஷரும் இருந்த வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும்.

சம்ப்பும் ஃபில்டரும் சேர்ந்து சுமார் 4 லிட்டர் பிடிக்கும். இந்த அளவை நம்புவதைவிட டிப்ஸ்டிக்கை நம்புவது மேல். முக்கால் பங்கு ஊற்றி, சில நிமிடம் விட்டுப் பார்த்து, மேல்கோடு வரை சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையிலுள்ள காற்றால் சுமை தாங்க முடியாது. ஃபில்டர் காலியாக இருப்பதால் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. இக்னிஷன் காயிலுக்குப் போகும் சிறு வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் விட்டு விட்டுச் சுழற்றினால் எஞ்சின் எரியாமல் திரும்பும். அழுத்தமானியின் முள் எழுந்ததும், அல்லது எச்சரிக்கை விளக்கு அணைந்ததும், வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சினில் இந்த வசதி இருக்கிறது. இதைப் பயன்படுத்தினால் பேரிங்குகள் வறண்டு சுழலும் நொடிகள் மிச்சம். ஓடவிட்டு நிறுத்தி, அளவை மறுபடி பார்த்து, போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

மாற்றும் இடைவெளி 4,000 முதல் 5,000 கிலோமீட்டர். பழைய கையேடுகளின் இடைவெளி ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வகுத்தது; அந்தப் பெட்ரோலோடு வந்த குளோரின், புரோமின் சேர்மங்களின் அமிலம் ஆயிலை விரைவில் கெடுத்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் போய்விட்டது, ஆயிலும் மேம்பட்டுவிட்டது. ஆயினும் கார்புரேட்டரும் பழைய வகை ஃபில்டரும் அப்படியே இருப்பதால் இடைவெளியை நீட்டிக்க வலுவான காரணம் இல்லை. ஓடாமல் நிற்கும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். நீண்ட நாள் நிறுத்தப்போவதானால், திரும்ப எடுக்கும்போது அல்ல, நிறுத்துவதற்கு முன்னால் மாற்ற வேண்டும். அமிலம் உள்ள பழைய ஆயில் நிற்கும் எஞ்சினிலும் அரித்துக்கொண்டே இருக்கும்.

வடித்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இருப்பதால் கையுறை போட்டே கையாள வேண்டும். தோலில் பட்டால் சோப்பால் கழுவ வேண்டும், பெட்ரோலால் அல்ல. கரையானுக்கு மரத்தில் பூசுவதும், சாக்கடையில் ஊற்றுவதும், அடுப்பெரிக்கக் கொடுப்பதும் அந்த நஞ்சை மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் மாற்றிவிடுகின்றன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்கீழ் பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு; அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியது. அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி உண்மையில் கெடுவதில்லை. அதைப் பயனற்றதாக்குவது தீர்ந்துபோன சேர்மங்களும் கலந்த அழுக்குமே. அவற்றை நீக்கிக் காய்ச்சி வடித்தால் மீண்டும் எஞ்சின் ஆயில் தயாரிக்கும் தரத்துக்கு வந்துவிடும். மூடியுள்ள டப்பாவில், பிரேக் ஆயிலோ தண்ணீரோ கலக்காமல் சேர்த்து வைத்து, பழைய ஃபில்டரையும் ஓரிரவு கவிழ்த்து வடித்து, ஆயிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிலோ மறுசுழற்சியாளரிடமோ கொடுக்கலாம்.